கல்லணையைக் காட்டன் கட்டவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் ஜெனரல் சர் ஆர்தர் காட்டனைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முதல் வரியிலேயே "கல்லணையைக் கட்டிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி" என்று போட்டிருக்கிறீர்கள். நான் முக்கொம்பு மேலணையில் 29 வருஷம் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். ஷட்டர் ஏற்றி இறக்குவது, அளவுகோல் பார்த்து நோட்டில் எழுதுவது, ராத்திரியில் டார்ச்சோடு கரை நடப்பது, இதுதான் என் உத்தியோகம். பெரிய படிப்பு கிடையாது. ஆனால் இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கல்லணை கரிகாலன் பேரில் வழங்கி வருவது. காட்டன் பிறந்தது 1803இல். கல்லணைக்கு 'கிராண்ட் அணைக்கட்டு' என்று பேர் சொன்னவர்களில் அவரும் ஒருவர். அங்கே மணல் அடைத்துக் கிடந்ததைப் பார்த்து மணற்போக்கி வைத்தார். அதற்குமேல் கல்லணையில் அவருக்குப் பங்கு இல்லை. அவர் கட்டியது எங்கள் மேலணையும், அணைக்கரையில் இருக்கிற கீழணையும். இரண்டும் 1836ஐ ஒட்டி வந்தவை.

ஏன் கட்டினார் என்பதையாவது கட்டுரையில் எழுதியிருக்கலாம். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடம் பள்ளம், ஓட்டமும் அதிகம். வருகிற தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே சாய, காவிரித் தலைப்பில் மணல் ஏறிக்கொண்டே போனது. தஞ்சாவூர் வயல் காய்ந்தது, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரி விழவில்லை. அதனால்தான் பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பிய இந்த இன்ஜினியர் பட்டாளத்து இளைஞரைக் காவிரிக்கு அனுப்பினார்கள். தர்மத்துக்கு ஒன்றும் அனுப்பவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொள்ளிடத்தில் அணை எழும்பியதும் தண்ணீர் காவிரிக்குத் திரும்பியது. கொஞ்சம் அதிகமாகவே திரும்பிவிட்டது. காவிரியின் படுகை அரித்து ஆழமாகத் தொடங்கியதால், அந்தத் தலைப்பிலும் 1845இல் ஒரு கட்டுப்பாட்டு அணை போட வேண்டியதாயிற்று. ஆற்றில் ஒரு பக்கம் கை வைத்தால் மறுபக்கம் கேட்கும் என்று எங்கள் பழைய மேஸ்திரி சொல்வார். காட்டனுக்கும் ஆறு அதைத்தான் காட்டியது.

2018 ஆகஸ்ட் 22 ராத்திரி மேலணையின் கொள்ளிடம் பக்கத்தில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது, டி.வி.யில் எல்லாரும் "காட்டன் கட்டிய அணை உடைந்தது" என்றார்கள். விடிந்ததும் நானும் போய்ப் பார்த்தேன். என் கையால் கிரீஸ் போட்ட ஷட்டர்கள் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். காட்டன் போட்டது கல் தடுப்பு. தூக்கி இறக்கும் ஷட்டரெல்லாம் அவர் காலத்துக்குப் பிறகு வந்தவை. அதை விளக்கிச் சொல்ல ஆளில்லை. கேட்கவும் யாருக்கும் பொறுமையில்லை.

மணலில் எப்படி அணை நிற்கும் என்று அணை பார்க்க வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் ஓர் ஓரமாக நிற்கச் சொல்வேன். இரண்டு நிமிஷத்தில் குதிகாலுக்கு அடியில் மணல் நழுவும், பாதம் உள்ளே இறங்கும். கொஞ்ச நேரத்தில் அதற்குமேல் இறங்காது, பிடித்துக்கொள்ளும். கல்லும் அப்படித்தான். பெரிய கல்லை மணலில் போட்டால் வெள்ளத்தில் இறங்கும். அதன்மேல் இன்னொன்று போட வேண்டும், அதுவும் இறங்கும். இறங்க இறங்கப் போட்டுக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். பாறை தேடி அடிமட்டம் வரை தோண்ட வேண்டியதில்லை. கல்லணை நிற்பது இந்த வித்தையில்தான். காட்டனுக்கு இங்கிலாந்தில் அடிஸ்கோம் ராணுவப் பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதை நானாகச் சொல்லவில்லை, அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1874இல் அவர் எழுதியதை என் மகள் கம்ப்யூட்டரில் எடுத்துப் படித்துத் தமிழில் சொன்னாள். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடுவதை இந்த ஊர்க்காரர்களிடம்தான் கற்றோம், சென்னை மாகாணத்து ஆற்றுப் பாசன வேலைகள் லாபம் கொடுத்ததற்கு அதுவே காரணம் என்கிறார். இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அவர் வந்த புதிதில் இங்குள்ளவர்கள் வெள்ளைக்காரர்களை ஒருவித நாகரிகக் காட்டுமிராண்டிகள் என்று பேசினார்களாம். சண்டையில் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் எங்கள் பெரியவர்கள் கட்டியதைப் பழுது பார்த்து வைக்கக்கூடத் தெரியாதவர்கள் என்பார்களாம். தன்னைப் பற்றி ஊர் பேசிய ஏச்சை எழுதி வைத்த ராணுவ அதிகாரி! எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

காவிரியில் கற்றதைக் கோதாவரிக்குக் கொண்டுபோனார். குண்டூர்ப் பக்கம் 1833இல் பெரும் பஞ்சம் வந்து போயிருந்தது. தவளேஸ்வரத்தில் ஓர் அணையை 1847இல் தொடங்கி 1852இல் முடித்தார். நடுவில் உடம்பு கெட்டு அவர் கடல் தாண்டிப் போயிருந்த காலத்தில் வேலையை நடத்தியவர் ஆர் (Orr) என்கிற கேப்டன். அந்தப் பக்கத்து விவசாயிகள் இன்றும் 'காட்டன் தொர' (காட்டன் துரை) என்கிறார்கள், ஊருக்கு ஊர் சிலை. 1861இல் சர் பட்டம் வந்தது, பிறகு ஜெனரல் வரை போனார். அவர் எடுத்த காரியமெல்லாம் பலித்ததாக உங்கள் கட்டுரை சொல்வதும் சரியில்லை. ரயிலைவிடப் படகு போகிற கால்வாய்தான் நாட்டுக்கு லாபம் என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். அந்த நம்பிக்கையில் ஒரு கம்பெனி வெட்டிய கர்னூல்-கடப்பா கால்வாய் பெரும் நஷ்டத்தில் போனது. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு 1878இல் பார்லிமென்ட் கமிட்டி அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் குறுக்குக் கேள்வி கேட்டது. வயது எழுபத்தைந்து.

அப்புறமும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற ஊரில் தன் தோட்டத்தில் மண்ணை ஆழமாகக் கொத்திக் கோதுமை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். 1899 ஜூலை 24இல், 96 வயதில் காலமானார். எங்கள் கணக்கில் அது ஆடி மாதம், பதினெட்டாம் பெருக்குக்குப் பத்து நாள்கூட இல்லை.

கடைசியாக ஒன்று. கட்டுரையோடு வந்த படத்துக்குக் கீழே 'முக்கொம்பு மேலணை' என்று இருக்கிறது. அது கல்லணைப் பாலம், பார்த்ததுமே தெரிகிறது. திருத்தம் போடும்போது படத்தையும் மாற்றிவிடுங்கள். புதிதாக எடுக்க ஆள் அனுப்புவதாக இருந்தால் ஆடியில் வேண்டாம், எல்லாம் தண்ணீராகத்தான் இருக்கும். மேட்டூர் திறப்பதற்கு முன்னால், வைகாசியில் அனுப்புங்கள். மணலும் கல்லும் சேர்ந்து தெரியும். நான் கூட வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லஸ்கர்,
முக்கொம்பு, திருச்சி மாவட்டம்.