ஆர்ச்சர்ட் தெருவின் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். புலம்பெயர்ந்தோரின் உழைப்பைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். பெற்றோர் பட்ட பாடுகளை உருக்கமாகச் சொன்ன அக்கட்டுரையில், அவர்கள் கைப்பிடித்து அழைத்துச் சென்ற பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது நியூயார்க்கில் பேரனுடன் பார்த்த ஓர் அருங்காட்சியகம் என் நினைவுக்கு வந்தது.

மன்ஹாட்டனில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடம் 1863இல் எழுப்பப்பட்ட வாடகைக் குடியிருப்பு. 1935 வரை ஏறத்தாழ 7,000 பேர் அதில் வாழ்ந்து போயிருக்கிறார்கள். இன்று அது டெனமென்ட் மியூசியம். ஒவ்வொரு வீடும் சுமார் 325 சதுர அடிதான். மூன்று அறைகளில் முன்னறைக்கு மட்டுமே நேரடி வெளிச்சம். போலந்திலிருந்து வந்த லெவின் என்ற யூதக் குடும்பம் அப்படியொரு வீட்டையே தையற்கூடமாகவும் நடத்தியது. இஸ்திரிப் பெட்டி காய்வதும் சோறு வேகுவதும் ஒரே நிலக்கரி அடுப்பில். துணிக் குவியலுக்கு நடுவே பிள்ளைகள் வளர்ந்தார்கள். லித்துவேனியாவிலிருந்து வந்த ரோகர்ஷெவ்ஸ்கி குடும்பத்தில், ஆடைகளுக்கு இஸ்திரி போடும் வேலை பார்த்த தந்தை 1918இல் காசநோயால் இறந்துபோக, ஆறு பிள்ளைகளின் தாய் அதே கட்டடத்தைப் பராமரிக்கும் வேலையை ஏற்றுக் குடும்பத்தைக் காத்தார்.

ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் 1881இல் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து யூதர்கள்மீது வன்முறை வெடித்த காலம் முதல், 1924இன் சட்டம் குடியேற்றத்தை இறுக்கியது வரை, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து 20 லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் அமெரிக்காவை அடைந்தார்கள். திரும்பிப் போகும் எண்ணமின்றி வந்தவர்கள் என்பதால் குடும்பத்தோடு வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 14 வயதுக்கு உட்பட்டவர். இந்த விகிதத்தை அறிந்த பிறகு, பிள்ளைகளை விட்டுவிட்டு எழுதப்படும் எந்த வரலாறும் எனக்கு அரைகுறையாகவே தோன்றுகிறது.

அந்த அருங்காட்சியகத்தின் ஒரு வீட்டில், 1916இல் அங்கு வாழ்ந்த விக்டோரியா கொன்ஃபினோ என்ற பதினான்கு வயதுச் சிறுமியாக ஒரு நடிகை எங்களோடு உரையாடினார். நாங்களெல்லாம் புதிதாகக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் என்பது பாவனை. வீட்டில் என்ன மொழி பேசுவாய் என்று என் பேரன் கேட்டான். லடினோ என்றார். ஸ்பெயின் 1492இல் விரட்டிய யூதர்கள் நாவில் ஏந்திச் சென்று, துருக்கியர் ஆட்சிப் பகுதிகளில் நானூறு ஆண்டுகளுக்கு மேல் அழியாமல் காத்த மொழி அது. அமெரிக்காவிலோ இரண்டு, மூன்று தலைமுறைகளுக்குள் பெரும்பாலான வீடுகளில் அது ஓய்ந்துவிட்டது. யாரும் தடுத்து நிறுத்த முடியாத நிகழ்வு அது என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைகளையோ பள்ளிகளையோ குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும், நான் தமிழில் கேட்பதை முழுவதும் புரிந்துகொண்டு ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் பேரன் பக்கத்தில் நிற்க, அந்த வீட்டை விட்டு வெளியே வர எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

பத்திரிகை ஆசிரியரான தங்களிடம் இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. நியூயார்க்கில், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் வெளிவந்த ஃபோர்வர்ட்ஸ் நாளிதழ், ஆசிரியர் ஆபிரகாம் கஹான் காலத்தில், 1906இல் வாசகர் கடிதங்களுக்கென்றே ஒரு பகுதியைத் தொடங்கியது. 'ஒரு கட்டுக் கடிதங்கள்' என்பது அதன் பெயரின் பொருள். பட்டறைத் தொழிலாளர்களும், கணவன் கைவிட்ட பெண்களும், பிள்ளைகளோடு ஒட்ட முடியாமல் தவித்த பெற்றோரும் அதற்கு எழுதினார்கள், பதில்களும் அச்சாயின.

அயல்நாடுகளில் வளரும் நம் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் எழுதுவதற்குத் தங்கள் இதழில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதினால், அதைத் தமிழாக்கித் தரும் பணியை நானே மகிழ்ச்சியோடு செய்து தருவேன்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கும்பகோணம்.