கடலைக்காட்டு வழக்கம் புல்தரைக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்திலுள்ள எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில், சென்ற கோடை விடுமுறையின்போது ஊராரிடம் நன்கொடை திரட்டி அருகம்புல் விதை தூவினோம். மஞ்சள் காட்டில் முளைத்தால் சபித்துக்கொண்டே கொத்தி எறிகிற அருகை விலை கொடுத்து வாங்குவதா என்று பெரியவர்கள் சிரித்தார்கள். செம்மண் சரளையில் விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொள்ளும் பிள்ளைகளை எண்ணி அந்தச் சிரிப்பைப் பொறுத்துக்கொண்டோம். விதைத்த மூன்றாம் நாள், பணியை ஏற்றிருந்தவர் களை வராமலிருக்கப் பெண்டிமெத்தலின் மருந்தை அடித்தார். அருகில் நின்றிருந்த நானும் தடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் முக்கால் பங்கு நிலம் வெறுமையாகக் கிடந்தது. அங்கங்கே தலைகாட்டிய புல்லும் தொட்டவுடன் கையோடு வந்தது. வேர் நீளாமல், நுனி தடித்துக் குட்டையாக நின்றுபோயிருந்தது. கோரை மட்டும் செழிப்பாக வளர்ந்திருந்தது, ஏனெனில் மண்ணுக்குள் கிழங்கு வைத்துப் பெருகும் அதை இந்த மருந்து பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. நாங்கள் அவசரப்பட்டு மறுபடியும் விதை வாங்கித் தூவினோம். மருந்தின் வீரியம் மண்ணில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கிலும் நிற்கும் என்பதை எண்ணிப் பார்க்காததால் அந்த விதையும் வீணாயிற்று.

இது ஒருவருடைய அலட்சியத்தால் மட்டும் நேர்ந்ததாக நான் கருதவில்லை. நிலக்கடலை விதைத்த மூன்று நாளுக்குள் ஈரமண்ணில் இதே மருந்தை அடிப்பது நம் பகுதியில் பழகிப்போன வேலை. ஆனால் கடலை பருத்த விதை. ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்தில் விழுந்து, மேல்மண்ணில் படலமாகத் தங்கும் மருந்துக்குக் கீழேயே வேர் ஊன்றிவிடுகிறது. அருகம்புல் விதையோ கடுகைவிடப் பொடியானது, அரை செ.மீ. ஆழத்துக்குமேல் போகக்கூடாதது. ஆகவே அது மருந்துக்குள்ளேயே முளைக்கிறது. முளைவேரின் நுனியில் உயிரணுக்கள் பிரிவதைத் தடுப்பதுதான் பெண்டிமெத்தலினின் வேலை என்பதால், களைப்புல் விதைக்கு நேர்வதே நாம் தூவிய விதைக்கும் நேர்கிறது. விதைக்குப் பதிலாகக் கொடி நட்டாலும், கணுக்களில் புதுவேர் பிடிக்கும் பருவத்தில் இதை அடித்தால் புல் படர்வது தடைபடும்.

களையை விதைப்புக்கு முன்பே தீர்ப்பதுதான் முறை. நிலத்தைப் பதப்படுத்தித் தண்ணீர் விட்டு, களை முழுவதும் முளைத்து வந்தபின் அதை அழித்துவிட்டு, மண்ணை மேலும் கிளறாமல் விதைக்க வேண்டும். மருந்து அடித்தே தீர வேண்டுமானால், மண்துகளோடு ஒட்டிச் செயலிழந்துவிடும் கிளைபோசேட் போன்றவற்றுக்கு இந்தக் கட்டத்தில்தான் இடம் உண்டு. முளைத்த புல்லின்மேல் பட்டால் அதுவும் கொல்லும். விதைத்தபின் வரும் சாரணையையும் பார்த்தீனியத்தையும் தொடக்கத்தில் கையால் பிடுங்குவதே நல்லது. அகன்ற இலைக் களைகளுக்கான 2,4-டி மருந்தைக்கூட, புல் படர்ந்து மூன்று நான்கு முறை வெட்டிய பிறகே நினைக்கலாம். அப்போதும் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றில் அடித்தால் பக்கத்துத் தோட்டத்துப் பருத்தியும் தக்காளியும் இலை சுருண்டு போகும். அந்தக் காற்றைப் பற்றி நம் பக்கத்து விவசாயிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கைப்பேசியில் தேடிப் படிப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. விதைக்கும் நாளிலேயே அடிக்கலாம் என்று அங்கே பரிந்துரைக்கப்படும் சிடுரான் போன்ற மருந்துகள் குளிர்நாட்டுப் புல் வகைகளுக்கு உரியவை. அருகம்புல்லை அவை பாதிக்கும்.

பள்ளி மைதானங்களும் பூங்காக்களும் அமைக்கும் உள்ளாட்சி அமைப்புகளை நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஒப்பந்தத்திலேயே எந்த மருந்து, எந்த அளவில், விதைப்புக்கு எத்தனை நாள் முன்போ பின்போ அடிக்கப்படும் என்பதை எழுதி வாங்க வேண்டும். புல் வேரூன்றியதைச் சோதித்த பிறகே கடைசித் தவணையை வழங்க வேண்டும். மருந்துக்கடைக்காரர்களும் களை மருந்து கேட்டு வருபவரிடம் எந்தப் பயிருக்கு என்று கேட்பதோடு நில்லாமல், விதைத்தாயிற்றா, எவ்வளவு ஆழத்தில் விதைத்தீர்கள் என்றும் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினரான ஒரு விவசாயி,
பெருந்துறை வட்டம், ஈரோடு மாவட்டம்.