நீ அன்று கேட்ட கேள்விக்குப் பதில்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, கோபித்துக்கொள்ளாதே. அக்கா மகன் ஆஸ்பத்திரியில் இருந்தான். இப்போது தேறி வீட்டுக்கு வந்துவிட்டான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பதினான்கு வயது. பத்து நாளாகத் தண்ணீர் தண்ணீர் என்று குடித்துக்கொண்டே இருந்தானாம், ஆளும் இளைத்துப்போயிருந்தான். நான் போய்ப் பார்த்தபோது படுத்தபடியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ஓடிவந்தவனுக்கு வாங்குகிற மூச்சு மாதிரி இல்லை அது. ஆழமாக, ஒரே சீராக, ஓயாமல், நெஞ்சு முழுதும் ஏறி இறங்கியது. குனிந்து தலையைத் தடவினால் அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாசனை அடித்தது. முதல் வகை நீரிழிவு, அதுவரை யாருக்கும் தெரியாது. இன்சுலின் இல்லாததால் உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கீட்டோ அமிலங்களாக இரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வாசனை அசிட்டோன்.

தமனியிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்த சீட்டை அக்கா என் கையில் கொடுத்தாள். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் (எண் இறங்க இறங்க அமிலம் கூடுதல்) 7.18, அமிலத்தை வாங்கிக்கொள்ளும் பைகார்பனேட் 8, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 22. சாதாரணமாக 7.4, 24, 40 இருக்க வேண்டியவை. 7.4-க்கும் 7.18-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று அக்கா கேட்டாள். பிஎச் என்பது மடக்கைக் (லாகரிதம்) கணக்கு, அது இப்படித்தான் ஆளை ஏமாற்றும், ஹைட்ரஜன் அயனி லிட்டருக்கு 40 நானோமோலிலிருந்து 66-க்கு ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

அன்றிரவு தூக்கம் வராமல் அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. கல்லூரியில் நீ எழுந்து கேட்டாயே, பிகேஏ-வுக்கு (அமிலமும் அதன் காரமும் சரிபாதியாக இருக்கும் பிஎச்) ஒரு எண் மேலேயோ கீழேயோ வரைதான் தாங்கல் கரைசல், அதாவது பிஎச்சை அதிகம் மாறவிடாத கரைசல், உருப்படியாக வேலை செய்யும் என்கிறீர்கள், பிகேஏ 6.1 உள்ள பைகார்பனேட் 7.4-இல் இருக்கும் இரத்தத்தை எப்படிக் காப்பாற்றும் என்று. நேரமாகிவிட்டது என்று அதை விட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். நல்ல கேள்விடி அது.

பதில் அந்தப் பையனின் மூச்சில் இருந்தது. பைகார்பனேட் 24-இலிருந்து 8-க்கு இறங்கியது என்றால் லிட்டருக்கு 16 மில்லிமோல் அமிலத்தை அது வாங்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள். ஒவ்வொன்றும் கார்பானிக் அமிலமாகி, கார்பன் டை ஆக்சைடாக மாறும். ஹீமோகுளோபினையும் மற்ற புரதங்களையும் விட்டுவிட்டு இதை மட்டும் பார்ப்போம். மூடிய பாட்டிலில் இது நடந்திருந்தால் அந்த வாயு உள்ளேயே தங்கும், கரைந்திருக்கும் அளவு 1.2-இலிருந்து 17.2 ஆகும், பிஎச் 5.8-க்குக் கீழே போய்விடும். உயிர் தங்காது. பாடப்புத்தக விதி சொல்வது இந்தப் பாட்டிலைப் பற்றித்தான், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இரத்தம் மூடிய பாட்டில் இல்லையே! நுரையீரல் வழியாக வாயு வெளியே போய், அழுத்தம் வழக்கமான 40-லேயே நின்றால் பிஎச் 6.92. அவன் உடம்பு அதோடும் விடவில்லை, மூச்சை ஆழப்படுத்தி அழுத்தத்தை 22-க்கு இறக்கியது. அழுத்தம் 40-க்குக் கரைந்திருப்பது 1.2 என்றால் 22-க்கு 0.66. பைகார்பனேட் 8-ஐ அந்த 0.66-ஆல் வகுத்து, மடக்கை எடுத்து, 6.1-உடன் கூட்டிப் பார், சீட்டில் இருந்த அதே 7.18 வரும். எனக்கு அந்த நேரத்தில் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் மூச்சுத் திணறல் என்று பயந்துகொண்டிருந்தோம், அவனோ மூச்சு விட்டு விட்டே அமிலத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தான்.

இது இவ்வளவு வேகமாக நடக்கக் காரணம் இரத்தச் சிவப்பணுவில் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி. ஒரு மூலக்கூறு நொடிக்குச் சுமார் 10 லட்சம் முறை வேலை செய்யும். சிறுநீரகம் புதிதாகப் பைகார்பனேட் செய்து தரும், ஆனால் அது நாள்கணக்கில் நடக்கிற வேலை. அதுவரை தாக்குப்பிடிக்க வைப்பது மூச்சுதான்.

சலைனும் இன்சுலினும் ஏறிய பிறகு மறுநாள் சாயங்காலம் அவன் மூச்சு அடங்கி, சாதாரணமாகத் தூங்கினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன், நிமிடத்துக்கு 16.

நீ இன்னும் பதினோராம் வகுப்புக்கு இந்தப் பாடம் எடுக்கிறாய்தானே? 5.8, 6.92, 7.18, இந்த மூன்றையும் கரும்பலகையில் வரிசையாக எழுதி, ஏன் என்று பிள்ளைகளையே கேட்டுப் பார். யாராவது பதில் சொன்னால் எனக்கு எழுது.

அன்புடன்,
உமா