உயரத்தை மட்டும் எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் எங்கள் பகுதி மாணவன் ஒருவனைப் பற்றிப் படத்துடன் செய்தி வந்திருந்தது. பிளஸ் ஒன் படிக்கிறான், உயரம் ஆறடி ஐந்து அங்குலம், கூடைப்பந்தில் மாவட்ட அணிக்குத் தேர்வாகியிருக்கிறான் என்று. படித்த எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் செய்தி முழுக்க உயரம், உயரம் என்றே இருந்தது. பிள்ளை எப்படி ஆடுகிறான் என்று ஒரு வரிகூட இல்லை. நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. சாயங்காலங்களில் எங்கள் ஊர் கிரவுண்டில் அவனுக்குப் பயிற்சி கொடுப்பவள். அந்த விட்டுப்போன வரியை எழுதவே இந்தக் கடிதம்.

மாவட்டப் போட்டி அரையிறுதியில் நடந்ததைச் சொல்கிறேன். எதிரணியின் ஷாட் தவறி, பந்து ரிங்கில் பட்டு எகிறியது. இவன் பிடித்தான். உயரமான பிள்ளைகள் பெரும்பாலும் அந்த இடத்தில் பந்தைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு பந்தை முன்னே கொண்டுபோகும் கார்டு எங்கே என்று தேடுவார்கள். இவன் தேடவில்லை. தானே பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடி நடுக்கோட்டைத் தாண்டினான். இரண்டு பேர் மறித்தார்கள். இடது கையால், தரையில் ஒருமுறை தட்டிப் போகிற ஒரு பவுன்ஸ் பாஸ், இருவருக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தில். மூலையில் தனியாக நின்ற பையனின் கைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பையன் போட்டது உள்ளே விழவில்லை. அதனால் ஸ்கோர் ஷீட்டில் இதற்கு ஒரு புள்ளியும் கிடையாது. ஆனாலும் அப்படி ஒரு பாஸைப் பள்ளிப் பிள்ளையிடம் பார்ப்பது அபூர்வம்.

அடுத்த நிமிடமே பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது: "ஏய், உனக்கு எதுக்குடா இந்த வேலை? ரிங் அடிக்குப் போ!"

இதுதான் எனக்கு ஆறவில்லை. பள்ளி அளவில் அந்த யோசனை பலிக்கும், மறுக்கவில்லை. ஆறடி ஐந்து பையன் ரிங் அடியில் கையைத் தூக்கி நின்றாலே பந்து வரும், திரும்பிப் போட்டால் இரண்டு புள்ளி. கோப்பை ஜெயிக்க அது போதும். அப்புறம்? இந்திய அணிக்கு ரிங் அடியில் ஆடும் சென்டராக இருந்த அம்ரித்பால் சிங் ஏழடியை ஒட்டியவர். 2015-இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் டல்லாஸ் மாவரிக்ஸ் அணி தேர்ந்தெடுத்த பஞ்சாப்காரர் சத்னம் சிங் பமரா ஏழடி இரண்டு அங்குலம். அந்தக் கூட்டத்தில் இவன் சின்னப் பையன். திரும்பிப் போடுவதைத் தவிர வேறு பழகாதவனைப் பெரிய அணிக்கு அனுப்புவது கையைக் காலைக் கட்டிக் கிணற்றில் இறக்குவது போலத்தான்.

அதே உயரத்தில் ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவான், வெளியிலிருந்து போடுவான், தன்னைவிடக் குட்டையான கார்டையும் பெரிய சென்டரையும் மாறி மாறித் தடுப்பான் என்றால் கதை வேறு. கார்டுக்கும் சென்டருக்கும் நடுவில் நின்று ஆடுகிறவனை ஃபார்வர்டு என்போம்; தொழில்முறை அணிகள் தேடுகிற ஃபார்வர்டு அவன்தான். இன்றைய ஆட்டத்தில், தடுப்பவனின் வழியில் எதிரணி ஆள் ஒருவன் போய் நின்று மறித்ததும் (ஸ்கிரீன் என்பது இதுதான்) தடுப்பவர்கள் சட்டென்று ஆள் மாற்றிக்கொள்கிறார்கள். மாறி வருகிற ஆள் யாராக இருந்தாலும் சமாளிக்கத் தெரியாதவனைக் கோச் கடைசி நிமிடங்களில் கோர்ட்டில் வைத்திருக்க மாட்டார். கிரேக்க நாட்டின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த யானிஸ் அடெட்டோகும்போவை 2013-இல் என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் மில்வாக்கி பக்ஸ் அணி பதினைந்தாவது ஆளாக எடுத்தது. உயரமான அந்தப் பிள்ளையின் கையில் பந்தைக் கொடுத்து, கோர்ட் முழுக்க ஓடவிட்டு வளர்த்தார்கள். 2021-இல் அந்த அணி சாம்பியன் ஆனபோது இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் அவர்தான். நம் பிள்ளை யானிஸ் ஆவான் என்று நான் சொல்லவில்லை. வளர்த்த விதத்தைச் சொல்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், புகழ்ந்து மட்டும் எழுதினால் அவனுக்குத்தான் கெடுதல். தடுக்கும்போது இடுப்பைத் தாழ்த்த மாட்டேன் என்கிறான். நெட்டையாக நிற்பவனை வேகமான கார்டு ஒரே அடியில் தாண்டிவிடுகிறான். இவன் பின்னாலிருந்து கையைப் போட்டு ஃபவுல் வாங்குகிறான். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டியதுதான். உடம்பு இன்னும் ஒல்லி. இதெல்லாம் இரண்டு வருடத்தில் சரியாகக்கூடியவை. ஷாட்தான் பெரிய வேலை. அது தெரியவந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2010-இல் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி தருகிற கோட்டை 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிவைத்தது.  எங்கள் கோர்ட்டில் கோடு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. பிள்ளைகள் அதில் நின்று போட்டுவிட்டு மூன்று புள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கோடு போடச் சொல்லிக் கேட்ட இடத்தில் பார்க்கலாம் என்றார்கள், அவ்வளவுதான். கடைசியில் பையனின் அப்பாதான் வந்தார். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவர். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவை ஊற்றிப் பூ வேலை செய்கிற கை. ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். டேப்பும் கயிறும் சிவப்பு ஆக்சைடும் கொண்டுவந்தார். ரிங்கின் நடுவுக்கு நேர் கீழே தரையில் குறி, அங்கிருந்து 6.75 மீட்டர் கயிறு, சுற்றிவர வளைகோடு.

"மூலைக்கு வந்ததும் வட்டத்தை விட்டுட்டு நேர்கோடு போடச் சொல்றீங்களே, ஏன் டீச்சர்?" என்று கேட்டார். கோர்ட்டின் அகலம் 15 மீட்டர். வட்டத்தை அப்படியே கொண்டுபோனால் பக்கக் கோட்டுக்கும் அதற்கும் இடையே முக்கால் மீட்டர்தான் மிஞ்சும். அதனால் அங்கே மட்டும் பக்கக் கோட்டிலிருந்து 90 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நேராகப் போடுவார்கள் என்றேன். "ஆமா, ஆளு நிக்க எடம் வேணும்ல" என்று சொல்லிவிட்டு நூல் பிடித்தார்.

மறுநாள் மகன் புதுக்கோட்டில் நின்று போட்டான். பந்து ரிங்கைத் தொடாமலே முன்னால் விழுந்தது. அந்த அரை மீட்டரில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. தோளால்தான் தள்ளுகிறான், முழங்காலிலிருந்து வலு ஏறி வரவில்லை. இடது கைக் கட்டைவிரலும் சேர்ந்து தள்ளுவதால் பந்து பக்கவாட்டில் சுழல்கிறது. இப்போது ரிங்குக்குப் பக்கத்தில் நின்று ஒற்றைக் கையால் போடுவதிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறோம். அலுத்துக்கொள்ளாமல் செய்கிறான். பாஸ் கொடுக்கும் கண்ணைவிட, இந்தப் பொறுமைதான் அவன் மேல் எனக்கு நம்பிக்கை தருகிறது.

ஏன் இப்போதே என்றால், பிறகு நேரம் இருக்காது. பஞ்சாபைச் சேர்ந்த பிரின்ஸ்பால் சிங் ஆறடி ஒன்பதுக்குக் குறையாத ஃபார்வர்டு. 2020-இல் அமெரிக்காவில் என்.பி.ஏ.வுக்கு அடுத்த படியான ஜி லீக்கின் இக்னைட் அணியில் சேர்ந்தார். 2021-இல் என்.பி.ஏ.வின் கோடைகாலப் போட்டியான சம்மர் லீக்கை வென்ற சேக்ரமெண்டோ கிங்ஸ் அணியிலும் இருந்தார். பெரிய சாதனை. ஆனால் இக்னைட்டில் அவருக்குக் கோர்ட்டில் அதிக நேரம் கிடைக்கவில்லை. அந்த மாதிரி அணியில் போய்ச் சேர்ந்தபின் அடிப்படையைக் கற்றுக்கொள்ள யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

இவன் அப்பாவின் கவலை வேறு. "போலீஸ்லயோ பேங்க்லயோ எடுத்துக்குவாங்களா டீச்சர்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 1937-இல் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் கதவு திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் கூடைப்பந்து அணி நாடறிந்தது. செட்டிநாட்டுக்காரர் தொடங்கிய வங்கி அது என்பதில் எங்களுக்கெல்லாம் பெருமை உண்டு. வேலை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் வேலைக்கு எடுக்கும் அணியானாலும் சரி, 2022-இல் தொடங்கிய இந்திய நேஷனல் பேஸ்கட்பால் லீக் அணியானாலும் சரி, தேர்வுக்குப் போனதும் கேட்கிற கேள்வி "என்ன பொசிஷன்?" என்பதுதான். அதற்கு அவன் ஃபார்வர்டு என்று சொல்ல வேண்டும், சொன்னபடி ஆடிக் காட்ட வேண்டும். என் கணிப்பில் அவனால் முடியும். இந்தியாவில் தொழில்முறையாக ஆடும் தகுதி அவனிடம் இருக்கிறது. ஷாட் சரியானால் இந்திய அணிக்கும் போவான்.

அவனுக்கு இப்போது அவசரமாக வேண்டியது நல்ல எதிராளிகள். பள்ளிப் பிள்ளைகளை எதிர்த்து ஆடி இனி ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. மே மாதம் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு அழைத்துப்போகிறேன். பெரிய அணிகளின் ஃபார்வர்டுகள் பந்து கையில் இல்லாதபோது எங்கே நிற்கிறார்கள், எப்போது ஓடுகிறார்கள் என்று பார்க்கட்டும். ஆனால் பார்த்தால் மட்டும் போதாதே. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் சென்னை, கோவைக் கல்லூரி அணிகளில் ஆடிவிட்டு வெளியூர்களில் வேலையில் இருக்கிறார்கள். கொப்புடையம்மன் செவ்வாய்ப் பெருந்திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது ஷூவையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு புதுவயல் கிரவுண்டில் இருப்போம். சின்னப் பையன் என்று விட்டுக்கொடுக்காமல் அவனை முட்டி மோதி ஆடுங்கள். யாரும் அவனை ரிங் அடிக்குப் போகச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
புதுவயல், காரைக்குடி வழி.