கீசெயின் ஆர்டர் விஷயமாக அப்பா எழுதுவது

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பணம் உண்டியல்காரர் மூலம் வந்து சேர்ந்தது. அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் பொம்மை போட்டுச் சம்பாதித்ததா?" என்று மறுபடியும் கேட்டாள். நானும் மறுபடியும் ஆமாம் என்றேன். ரங்கூனில் மின்சாரம் வருவதும் போவதும் அதன் இஷ்டம். தெருப் பிள்ளைகள் "மீ லாபீ", அதாவது கரண்ட் வந்துவிட்டது என்று கத்தினால் ஆளாளுக்குத் தண்ணீர் மோட்டார் போட ஓடுகிறோம். போனில் பேசினால் பாதியில் அறுந்துவிடுகிறது. நீ கேட்ட விஷயம் அரைகுறையாகப் பேசி முடிக்கிற விஷயம் அல்ல, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கடைக்காரர் கேட்கிற கீசெயின் ஆர்டரை எடுக்காதே.

தொகை பெரிது, எனக்கும் தெரிகிறது. ஆனால் அவர் கேட்பது ஜப்பான் கார்ட்டூன் பாத்திரம். நீ ஆசைக்கு வரைந்து போட்டாய், ஊரே பார்த்தது. இப்போது அதை ஒரு கடை மொத்தமாக அடித்து விற்கப் பார்க்கிறது. டோக்கியோவில் ரசிகர்கள் தாங்களே அச்சடித்த புத்தகங்களை விற்கும் காமிகெட் சந்தை 1975-லிருந்து நடக்கிறது என்று நீதான் எனக்குச் சொன்னாய். அங்கே பதிப்பகத்தார் பெரும்பாலும் கண்டும் காணாமல் இருக்கிறார்கள். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ரசிகர் ரசிகருக்குக் கொஞ்சம் விற்றால் பொறுத்துப் போவார்கள். கடைக்காரர் உள்ளே வந்தால் அது அவர்கள் வியாபாரத்தில் கை வைப்பது. வக்கீல் நோட்டீஸ் வந்தால் கடைக்காரர் யாரைக் கை காட்டுவார், நீயே சொல்.

எங்கள் அச்சகத்திலும் ஒரு காலத்தில் வெளிநாட்டு நடிகர் படத்தைக் கொண்டுவந்து காலண்டர் போடச் சொல்வார்கள். 1914-ஆம் வருடத்து வெள்ளைக்காரன் பதிப்புரிமைச் சட்டம்தான் இருந்தது, கேட்பார் இல்லை. 2019-இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் போட்டு, 2023 அக்டோபர் 31 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இங்கேயே இப்படி. நீ இருக்கும் தாய்லாந்தில் 1994-ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது.

பிடித்த கார்ட்டூன் பாத்திரத்தை ரசிகையாக வரையவே வரையாதே என்று சொல்லவில்லை. உன் பெயர் நாலு பேருக்குத் தெரிந்ததே அதனால்தான். வரை, போடு, எல்லோரும் பார்க்கட்டும். விற்பதற்கு மட்டும் உன்னுடையதை எடு. இல்லாவிட்டால் யாருக்கும் சொந்தமில்லாததை எடு. முருகனுக்கு எந்தக் கம்பெனி உரிமை கொண்டாடப்போகிறது? ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி சாமி படங்களை வீடு வீடாகக் கொண்டுபோனார். அப்புறம் கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த முருகனும் லட்சுமியும் காலண்டரில் ஏறினார்கள். எல்லோரும் ஒரே சாமியைத்தான் வரைந்தார்கள், ஆனாலும் கையைப் பார்த்தால் யாருடையது என்று தெரியும். பர்மாவின் 37 நாட் தேவதைகள் இருக்கிறார்கள், புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள் இருக்கின்றன. புத்தர் உருவத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஹெட்போன் மாட்டிய புத்தரை விளம்பரத்தில் போட்டதற்காக 2015-இல் இங்கே மூன்று பேருக்கு இரண்டரை வருடம் சிறை கிடைத்தது, நினைவிருக்கும்.

முனீஸ்வரர் நம் ஊர் சைக்கிள் ரிக்‌ஷாவான சைக்காவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் மரப்பட்டையை அரைத்த தனக்காப் பூச்சு பூசியபடி போகிற மாதிரி நீ ஒன்று வரைந்தாயே, அதை அதிகம் பேர் பார்க்கவில்லை என்று வருத்தப்பட்டாய். எங்கள் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிற பையன் அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறான். அம்மா முதலில், சாமி குற்றம் என்றாள். இரண்டு நாள் கழித்துத் தனக்கு ஒன்று வேண்டும் என்றாள். அந்தப் படத்தில் கீசெயின் போடு, முதல் செலவு என்னுடையது.

அச்சுக்கு அனுப்பும்போது ஒன்று கவனி. திரையில் தெரிகிற அந்தப் பளிச்சென்ற பச்சையும் ஊதாவும் நாலு கலர் மையில் வரவே வராது, மங்கிப்போகும். வரையத் தொடங்கும்போதே அந்த நாலு மைக்கான சி.எம்.ஒய்.கே. வண்ண முறையில் பார்த்துக்கொள். அச்சிடும் அளவிலேயே 300 டி.பி.ஐ., அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி; வெட்டும்போது போவதற்காகச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட். இதை விட்டுவிட்டு வந்து என்னிடம் சண்டை போடுகிறவர்களை வருடக்கணக்காகப் பார்க்கிறேன்.

அப்புறம் அந்த ஆள். கண்ணை மாற்று, முடியை மாற்று என்று வண்ணம் தீட்டி முடிந்த பிறகும் இழுத்தடித்து, கடைசியில் காசும் கொடுக்காமல் மறைந்தாரே, அவரை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. மாதிரி அச்சான ப்ரூஃபில் கையெழுத்து வாங்காமல் நாங்கள் பிளேட் போடமாட்டோம். கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு புள்ளியை மாற்றினாலும் தனிக் காசு. நீயும் அப்படியே செய். பாதிப் பணம் வந்த பிறகு பென்சில் கோடு, அதில் இரண்டு தடவை திருத்தம், சரி என்று எழுதி வாங்கியபின் வண்ணம், மீதிப் பணம் வந்தால்தான் பெரிய கோப்பு. சொந்த ஆசைக்குக் கேட்பவருக்கு ஒரு விலை, பொருளில் போட்டு விற்கக் கேட்பவருக்கு வேறு விலை. முகம் பார்த்துப் பேசாத வியாபாரத்தில் தாட்சண்யம் பார்க்காதே.

ஏ.ஐ. ஒரு நிமிடத்தில் போட்டுத் தருகிறதே என்று விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கம்ப்யூட்டர் வந்ததும் அச்சுக் கோப்பவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனதைப் பார்த்தவன் நான். எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதக் கை வரவில்லை. படத்தை அடுக்கடுக்காக வைத்திருக்கும் லேயர் கோப்புகளையும் வரைகிற வீடியோவையும் அழிக்காமல் வை. நீதான் வரைந்தாய் என்பதற்கு அதுதான் சாட்சி.

மணிக்கட்டு வலி குறைந்ததா? இடையிடையே எழுந்து நட.

நம் கோவில் கமிட்டியில் திருவிழா நோட்டீசுக்கு உன்னிடம் ஒரு அம்மன் படம் கேட்கிறார்கள், "நம்ம பிள்ளைதானே" என்ற தோரணையில். அட்வான்ஸ் வராமல் பேனாவைத் தொடாதே. அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அப்பா