கீரைக்கட்டு பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் அந்த ஆடியோ உங்களுக்கும் வந்திருக்கும். நம் அரைக்கீரையையும் சந்தை அரைக்கீரையையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தார்களாம். இரும்புச்சத்து இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாம், சந்தைக் கீரையில் கொஞ்சம் கூடவே இருந்ததாம். "மண்ணாவது சத்தாவது, எல்லாம் காசு பிடுங்குற வேலை" என்று முடிகிறது. விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்போம். மண்ணைச் சொன்னதுதான் சுடுகிறது.

'வளமான மண்ணில் விளைந்தது' என்று பலகையில் எழுதியிருக்கிறோம், உண்மை. இரும்பு இரண்டு மடங்கு என்று எங்கும் எழுதியதில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை. நம் தோட்டம் கோவை மாவட்டம் அன்னூர் பக்கம், சுண்ணாம்பு மண். இப்படிப்பட்ட மண்ணில் இரும்பு நிறையவே கிடக்கும், வேருக்குத்தான் எட்டாது. எட்டாத செடியில் குருத்திலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது வளர்ந்து கட்டுக்கு வருவதே சிரமம். அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்துத் தெளித்தால் பச்சை திரும்பும். ஆகவே இரும்பை மட்டும் வைத்து மண்ணுக்கு மதிப்பெண் போட முடியாது. இன்னொன்று, கீரையைச் சரியாக அலசாமல் சோதனைக்குக் கொடுத்தால் இலையில் ஒட்டிய புழுதியின் இரும்பும் கணக்கில் ஏறிவிடும். அலசித்தான் கொடுத்தார்களா என்று ஆடியோவில் சொல்லவில்லை. சரி, அதை விடுங்கள்.

மண் பேசும் இடம் துத்தநாகம், அதாவது ஜிங்க். தமிழ்நாட்டு நிலங்களில் பரவலாகக் குறைந்து கிடக்கும் சத்து அது. மண்ணில் இல்லாவிட்டால் விளைச்சலிலும் குறையும், தானியத்திலும் குறையும். டி.ஏ.பி. உரத்தை ஓயாமல் கொட்டிய நிலத்தில் அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிஞ்சிப்போய், துத்தநாகம் செடிக்குள் போவது இன்னும் சிரமமாகிவிடும். நாங்கள் பலதானியம் விதைத்து மடக்கி உழுகிறோம், புழுக்கை உரத்துக்காக ஆடுகளை நிலத்தில் அடைத்துக் கிடை போடுகிறோம், தொழு உரத்தோடு ஜிங்க் சல்பேட் உப்பும் கலந்து போடுகிறோம். இயற்கை என்று சொல்லிவிட்டு உப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மண்ணில் இல்லாத துத்தநாகத்தைச் சாணி எவ்வளவுதான் கொண்டுவரும்?

உடம்புக்குத் துளியளவே தேவைப்படும் செலினியம் என்ற சத்தின் கதையும் இதுதான். பின்லாந்து மண்ணில் அது குறைவு என்பதால் அந்த நாட்டு அரசு 1985 முதல் உரத்திலேயே அதைக் கலக்கிறது. கோதுமையில் ஏறியது, பாலில் ஏறியது, மக்களின் ரத்தத்திலும் ஏறியது. பஞ்சாபில் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் பக்கம் சில ஊர்களில் அதே செலினியம் மண்ணில் மிஞ்சிக் கிடக்க, அங்கே விளைந்த தீவனத்தைத் தின்ற மாடுகளுக்குக் குளம்பு கழன்றது. மண்ணுக்கும் தட்டுக்கும் சம்பந்தமில்லை என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

எல்லாமே மண்ணால் வருகிறது என்றும் நாங்கள் சொல்ல மாட்டோம். வைட்டமின் சி விஷயத்தில் எந்த ரகம், எப்போது பறித்தது, எவ்வளவு நேரம் வெயிலில் கிடந்தது என்பதெல்லாம் பெரிய கணக்கு. அதனால்தான் பத்து மணிக்கு மேல் வருபவர்களிடம், "நாளைக்குக் காலையில வாங்கக்கா" என்கிறோம். வியாபாரம் வேண்டாம் என்றில்லை.

கிடை போட வருபவர்கள் கூலியை ஏற்றிவிட்டார்கள். தொழு உரம் ஒரு லோடு கிடைப்பதே பாடாக இருக்கிறது. கீரை பறித்துக்கொண்டிருந்த அக்காக்கள் இருவர் பனியன் கம்பெனி வேனில் ஏறிவிட்டார்கள். அங்கே நிழலில் உட்கார்ந்து வேலை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனவே அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கட்டு 20 ரூபாய்க்குப் பதில் 25 ரூபாய். ஆள் கிடைக்கும்வரை பாலக் மட்டும் வெளியிலிருந்து வரும், தனிக்கூடையில் இருக்கும்.

ஆடியோவைக் கேட்ட மறுநாளும் பை எடுத்துக்கொண்டு வந்தவர்களை மறக்க மாட்டோம். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், ரெண்டு கட்டு குடுங்க" என்ற அம்மாவுக்கும், குழுவிலேயே நமக்காகப் பேசிய சாருக்கும் மனமார்ந்த நன்றி. கொரோனா நாட்களில் வாசலில் இடைவெளி விட்டு நின்று வாங்கியவர்கள்தானே இன்றும் முதலில் வருகிறீர்கள்.

தோட்டத்தின் மண்வள அட்டை கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. துத்தநாகம், இரும்பு, அங்ககக் கரிமம் (மக்கிய பொருளின் அளவைக் காட்டுவது) எல்லாம் அதில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போட்டோ எடுத்துக்கொள்ளலாம், அந்த ஆடியோ போட்டவரும்.

இப்படிக்கு,
உங்கள் கீரைக்கடைக்காரர்