இரண்டாம் சுற்றை நினைத்தால்தான் பயம்

18 ஏப்ரல் 2024

அன்புள்ள சேகர்,

நம் டென்வர் நகெட்ஸின் NBA கூடைப்பந்து பிளே ஆஃப் (ஏழு ஆட்டத் தொடரில் முதலில் நாலு ஜெயிக்கிறவர் அடுத்த சுற்றுக்குப் போகும் கட்டம்) பற்றி நீ எழுதிய கடிதம் கிடைத்தது. "லேக்கர்ஸை நாலே மேட்சில் முடித்துவிடுவோம், அடுத்து ஃபீனிக்ஸ் வந்தால்தான் கவலை" என்று எழுதியிருக்கிறாய். முதல் பாதியில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. இரண்டாம் பாதிக்காகத்தான் உன்னோடு வாதாட உட்கார்ந்திருக்கிறேன். என் பயமெல்லாம் மினசோட்டா மேல்தான்.

முதலில் லேக்கர்ஸ். நேற்று முன்தினம் நியூ ஆர்லியன்ஸில் 110-106 என்று ஜெயித்து மேற்குப் பிரிவில் ஏழாம் இடத்தைப் பிடித்து நம்மிடம் வந்திருக்கிறார்கள். நகெட்ஸிடம் அவர்கள் தொடர்ந்து எட்டு தடவை தோற்றிருக்கிறார்கள். 2023 ஜனவரியில் ஒன்று, அதே வருஷம் மேற்குப் பிரிவு இறுதியில் நான்கு, இந்த சீசனில் மூன்று. நீ இந்த எட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாய். ஆனால் போன வருஷத்து நாலு ஆட்டங்களின் வித்தியாசத்தைப் பார்: 6, 5, 11, 2. நான்கும் சேர்ந்தே 24 புள்ளிதான். ஒவ்வொரு தடவையும் நான்காவது குவார்ட்டர் (கடைசி 12 நிமிடம்) வரை அவர்கள் ஆட்டத்தில் இருந்தார்கள். கடைசி ஆட்டத்தில் பாதி நேரத்தில் 15 புள்ளி முன்னிலை அவர்களுக்கு. லெப்ரான் 40 புள்ளி எடுத்தார், 48 நிமிடத்தில் நாலு வினாடிதான் வெளியே உட்கார்ந்தார். அப்படியும் 113-111. இப்போது அவருக்கு 39 வயது. ஒருநாள் விட்டு ஒருநாள் அதே மாதிரி ஓட முடியுமா என்பது அவர்களுடைய கவலை. நாம் பார்க்க வேண்டியது டேவிஸையும் ஹச்சிமுராவையும்.

போன வருஷம் முதல் ஆட்டத்தில் நடந்தது நினைவிருக்கும். நம் சென்டர் யோகிச் 34 புள்ளி, 21 ரீபவுண்ட் (தவறிய எறிதலைப் பிடிப்பது), 14 அசிஸ்ட் (புள்ளிக்கு வழிவிட்ட பாஸ்) என்று வெளுத்துக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டத்தில் லேக்கர்ஸ் யோகிச் மேல் ஹச்சிமுராவைப் போட்டுவிட்டு, டேவிஸைப் பெயருக்கு நம் கோர்டனிடம் நிறுத்தி ரிங்குக்குக் கீழே சுற்றவிட்டார்கள். 20க்கு மேல் இருந்த நம் முன்னிலை மூன்றுக்கு இறங்கியது. யோகிச் ஹச்சிமுராவை முதுகால் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம். அவருடைய எடை 284 பவுண்ட், யாராலும் தாங்க முடியாது. ஆனால் உள்ளே திரும்பும் இடத்தில் டேவிஸின் கை காத்திருக்கும். கோர்டன் வெளியிலிருந்து எறிவதை எதிரணி ஒரு பொருட்டாக எடுப்பதில்லை, அதனால்தான் டேவிஸ் அவரை விட்டுவிட்டு வர முடிகிறது.

இதற்கு மருந்து மூன்று இருக்கிறது. பந்தைக் கொண்டுபோகும் நம் முர்ரேவுக்கு ஸ்க்ரீன் போடுவது (அவரை ஒட்டி வருகிறவன் வழியை உடம்பால் மறித்து நிற்பது) யோகிச்சாக இல்லாமல் கோர்டனாக இருக்கலாம். அப்போது டேவிஸ் ரிங்கை விட்டு மூன்று புள்ளிக் கோட்டுக்கு வந்தே ஆகவேண்டும், யோகிச்சும் ஹச்சிமுராவும் உள்ளே தனியாக மாட்டிக்கொள்வார்கள். இரண்டாவது, கோர்டன் மூலையில் நிற்காமல் பேஸ்லைனில் (ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு), போர்டுக்குப் பக்கவாட்டில் ஒளிந்து நிற்பது. டேவிஸ் யோகிச் பக்கம் ஒரு அடி வைத்தால் அவர் முதுகுக்குப் பின்னால் பந்து மேலே வரும், கோர்டன் டங்க் அடிப்பார். மூன்றாவது, நம் போர்ட்டரும் கால்ட்வெல்-போப்பும் இரண்டு மூலைகளிலும் நிற்பது, உதவிக்கு ஓடுகிறவன் எறிகிறவனை விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும் என்கிற மாதிரி. நம் பயிற்சியாளர் மலோன் இதையெல்லாம் போன வருஷமே செய்து பழக்கிவிட்டார். அதனால்தான் லேக்கர்ஸ் பற்றிப் பதற்றம் இல்லை.

இந்தத் தடவை அவர்களிடம் கூடுதலாக இருப்பது ரஸ்ஸல். போன வருஷம் நமக்கு எதிராக சராசரி ஆறு புள்ளிதான் எடுத்தார், நாலாவது ஆட்டத்தில் முதல் ஐந்தில்கூட இல்லை. இந்த சீசனில் மூன்று புள்ளி எறிதலில் 41 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கிறார். அவரும் ரீவ்ஸும் ஸ்க்ரீனைத் தாண்டியதும் நின்ற இடத்தில் எறியக்கூடியவர்கள். யோகிச் பின்வாங்கி நின்றால் அது திறந்த ஷாட். அதனால் அவர் ஸ்க்ரீன் விழும் இடம் வரை மேலே வந்து கையை நீட்டி நிற்பார். பாஸைத் தட்டிவிடுவதில் அவர் கை பொல்லாதது. ஆனால் அவர் மேலே வந்தால் டேவிஸ் நடுவில் காலியாகப் பந்தை வாங்குவார். அந்த நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறவர், பெரும்பாலும் போர்ட்டர், ஓர் அடிகூடத் தாமதிக்காமல் ரிங் முன்னால் வந்து நிற்க வேண்டும். போர்ட்டர் தூங்கினால் டேவிஸுக்கு 40 புள்ளி கிடைக்கும். தூங்காவிட்டால் ஐந்தே ஆட்டம். இதை நான் கொஞ்சமும் மிகைப்படுத்தவில்லை.

சான் அன்டோனியோ ஆட்டத்தைப் பற்றி நீ ஒரே வரியில் "விடு, போனது போகட்டும்" என்று எழுதிவிட்டாய். என்னால் விட முடியவில்லை. ஏப்ரல் 12, இருபதுக்கு மேல் முன்னிலை, எதிரே இந்த சீசனில் மொத்தமே 22 ஆட்டம் ஜெயித்த அணி. அவர்களுடைய வெம்பன்யாமா 34 எடுத்தார், 121-120 என்று தோற்றோம். அதை ஜெயித்திருந்தால் 58-24 (58 வெற்றி, 24 தோல்வி), தனியாக முதலிடம். இப்போது ஒக்லஹோமாவோடு 57-25 என்று சமமாகி, நேருக்கு நேர் ஆட்டத்தில் அவர்கள் 3-1 என்று இருந்ததால் அவர்கள் மேலே, நாம் இரண்டாவது. இரண்டாமிடம் என்றால் வெறும் பெயர்தானே என்று தோன்றும். கட்டம் போட்டுப் பார்: இரண்டாவதும் ஏழாவதும் ஆடி ஜெயிக்கிறவர், மூன்றாவதும் (மினசோட்டா) ஆறாவதும் (ஃபீனிக்ஸ்) ஆடி ஜெயிக்கிறவரோடு மோத வேண்டும். முதலிடம் வாங்கியிருந்தால் மினசோட்டா மேற்கு இறுதி வரை நம் பாதையிலேயே வந்திருக்காது. ஓர் இரவின் அலட்சியத்துக்குக் கொடுத்த விலை இது.

ஃபீனிக்ஸ் மினசோட்டாவை இந்த சீசனில் மூன்றுக்கு மூன்று அடித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகூட 125-106 என்பதுதான் உன் ஆதாரம். மறுக்கவில்லை. ஆனால் ஏழு ஆட்டத் தொடர் வேறுடா. ஃபீனிக்ஸில் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் உண்மையான பாயிண்ட் கார்டு இல்லை. புக்கரும் பீலும் அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறார்கள். நான்காவது குவார்ட்டரில் அவர்கள் தடுமாறுவது இந்த சீசன் முழுக்கப் பார்த்த விஷயம். தினமும் மினசோட்டாவின் மெக்டேனியல்ஸ் ஃபீனிக்ஸின் டுரான்ட்டை ஒட்டி நின்றால், மூன்றாவது ஆட்டத்துக்குள் அது வெளியே வரும். அப்படியே அவர்கள் தப்பித்து வந்தாலும் நமக்கு ஃபீனிக்ஸ் வசதியான எதிரி. யோகிச் மேல் நூர்கிச் ஒருவர்தான், அவரையும் 2017 பிப்ரவரியில் டென்வரே போர்ட்லண்டுக்கு அனுப்பியது. யோகிச்சுக்கு அவர் அத்துப்படி. போன வருஷம் இரண்டாம் சுற்றில் அவர்களை அவர்கள் மைதானத்திலேயே 125-100 என்று அடித்து முடித்தோம்.

இப்போது மினசோட்டா. அந்த அணியைக் கட்டியது யார் என்று யோசி. 2014ல் புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 41வது தேர்வாக யோகிச்சை எடுத்த டிம் கானலி, 2022ல் டென்வரை விட்டு அங்கே தலைவராகப் போனார். முர்ரேவும் போர்ட்டரும் அவர் எடுத்தவர்கள்தான். போன கையோடு கோபேரைக் கொண்டுவந்து டவுன்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பயிற்சியாளர் ஃபின்ச்சும் 2016-17ல் மலோனிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். நம் ஆட்டத்தை உள்ளிருந்து பார்த்த இரண்டு பேர், ஏழடி உயரக்காரர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இந்த சீசனில் லீகிலேயே மிகச் சிறந்த டிஃபென்ஸ் ஆடியிருக்கிறார்கள். லேக்கர்ஸ் ஹச்சிமுராவை வைத்துச் செய்ததை இவர்கள் டவுன்ஸை வைத்துச் செய்யலாம், பின்னால் டேவிஸுக்குப் பதில் கோபேர். டவுன்ஸுக்கு ஃபவுல் ஏறினால் நாஸ் ரீட் வருவார். யோகிச் மேல் மோத அவர்களிடம் மூன்று உடம்பு இருக்கிறது, ஆளுக்கு ஆறு என்று மொத்தம் 18 ஃபவுல்.

போன வருஷம் முதல் சுற்றில் 4-1 என்று அவர்களை அடித்தோம் என்பாய். அப்போது மெக்டேனியல்ஸுக்கும் ரீடுக்கும் கை உடைந்திருந்தது, இருவரும் ஆடவில்லை. அப்படியும் ஒரு ஆட்டம் ஓவர்டைமில் போனது, ஐந்தாவது ஆட்டம் 112-109, அவர்களுடைய எட்வர்ட்ஸ் கடைசியில் எறிந்த மூன்று புள்ளி உள்ளே போயிருந்தால் அதுவும் ஓவர்டைம். இந்த சீசனில் 2-2. நாம் தோற்ற இரண்டில் எடுத்தது 89, 98 புள்ளிகள். மார்ச் 29ல் நம் மைதானத்தில் தோற்றபோது முர்ரே ஆடவில்லை, சரி. ஆனால் அவர்களிடமும் டவுன்ஸ் இல்லை. ஏப்ரல் 10ல் யோகிச் 41 எடுத்து 116-107 என்று ஜெயித்த ஆட்டத்திலும் டவுன்ஸ் இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் அவர் முழங்கால் காயத்திலிருந்து திரும்பினார். அதனால் அந்த 41ஐ வைத்து எந்தக் கணக்கும் போடாதே.

எனக்கு யோகிச்சைவிட முர்ரேவைப் பற்றித்தான் அதிகக் கவலை. இந்த சீசனில் 59 ஆட்டம்தான் ஆடினார், மார்ச் கடைசியில் முழங்கால் வலியால் தொடர்ந்து உட்கார்ந்தார். மெக்டேனியல்ஸும் அலெக்ஸாண்டர்-வாக்கரும் மாறி மாறி முழு மைதானத்துக்கும் அவரை ஒட்டி வருவார்கள். பந்தைப் பறிப்பது அவர்கள் நோக்கம் இல்லை. ஷாட் கிளாக், அதாவது பந்து கைக்கு வந்ததிலிருந்து எறிய இருக்கும் நேரம், 24 வினாடி. முர்ரே முட்டி மோதி நடுக்கோட்டைத் தாண்டும்போது 17 இருக்கும், யோகிச் கைக்குப் பந்து போகும்போது 13. நம் ஆட்டத்தின் அழகே முதல் ஸ்க்ரீன் சரிவராவிட்டால் பந்தைத் திருப்பிக் கொடுத்து இரண்டாவது, மூன்றாவது தடவை போடுவதில்தான் இருக்கிறது. 13 வினாடியில் ஒரு தடவைதான் முடியும். அப்புறம் கையில் வந்ததை எறிய வேண்டியதுதான். இதற்கு வழி, பந்தை மேலே கொண்டுபோகும் வேலையை முர்ரேவிடமிருந்து வாங்கிவிடுவது. கோர்டன் கொண்டுபோகலாம், யோகிச்சே கொண்டுபோகலாம்; கோபேரோ டவுன்ஸோ நடுக்கோட்டில் வந்து நெருக்க மாட்டார்கள். முர்ரே ஓரமாக ஓடிப்போய் ஸ்க்ரீனுக்குப் பின்னாலிருந்து வந்து பந்தை வாங்கட்டும். போன வருஷம் இந்த வேலைக்கு புரூஸ் பிரவுன் இருந்தார்.

அதுதான் மிச்சமிருக்கும் ஓட்டை. இந்தியானா புரூஸுக்கு இரண்டு வருஷத்துக்கு 45 மில்லியன் டாலர் கொடுத்தது. சம்பள வரம்பு விதிப்படி டென்வரால் அதன் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. ஜெஃப் கிரீன் ஹூஸ்டனுக்குப் போனார். மலோன் யோகிச்சை முதல், மூன்றாம் குவார்ட்டர்கள் முழுக்க ஆடவிட்டு, இரண்டாவதும் நான்காவதும் தொடங்கும்போது உட்கார வைப்பார். பிளே ஆஃபில் யோகிச் 40 நிமிடம் ஆடினால், அவர் இல்லாத 8 நிமிடம்தான் கேள்வி. போன வருஷம் அந்த எட்டில் முர்ரே, புரூஸ், கிரீன், கோர்டன் என்று அனுபவசாலிகள் சமாளித்தார்கள். இப்போது ரெஜி ஜாக்சன், கிறிஸ்டியன் பிரௌன், பெய்ட்டன் வாட்சன். கிறிஸ்டியன் மேல் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. பயப்படாமல் எட்வர்ட்ஸ் மேல் ஒட்டுவார். வாட்சன் பந்தை அருமையாகத் தடுப்பார், ஆனால் வெளியிலிருந்து எறியமாட்டார் என்று தெரிந்து எதிரணி அவரை விட்டுவிட்டு உள்ளே கூடிவிடும். ஜாக்சனைத் தேடித்தேடித் தாக்குவார்கள். நான் மலோனாக இருந்தால் மாற்று சென்டர் டிஆண்ட்ரே ஜோர்டனை மறந்துவிட்டு கோர்டனை சென்டராக வைப்பேன், முர்ரேவும் யோகிச்சும் ஒரே நேரத்தில் பெஞ்சில் இருக்க ஒரு வினாடிகூட விடமாட்டேன். அந்த எட்டு நிமிடத்தில் நாலு புள்ளிக்குள் இழந்தால் போதும், மிச்சத்தை முதல் ஐவர் பார்த்துக்கொள்வார்கள்.

நம் பக்கம் இருக்கும் பலத்தையும் சொல்ல வேண்டும். இந்த சீசனில் சொந்த மைதானத்தில் 33-8. போன வருஷ பிளே ஆஃபில் அங்கே தோற்றது ஒரே ஒரு ஆட்டம். கடல்மட்டத்திலிருந்து 1,609 மீட்டர் உயரத்தில் வந்து ஆடுகிறவர்களுக்கு மூன்றாவது குவார்ட்டரிலேயே மூச்சு வாங்கும். மினசோட்டாவோடும் ஏழாவது ஆட்டம் வந்தால் அது டென்வரில்தான். ஆனால் அவர்கள் இந்த சீசனில் அங்கே வந்து ஜெயித்துவிட்டுப் போனவர்கள் என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்.

என் கணிப்பு: லேக்கர்ஸ் ஐந்து ஆட்டம். மினசோட்டா ஏழு, நூற்றுக்கு ஐம்பத்தைந்து நமக்கு, அதற்கு மேல் மனசு வரவில்லை. அதைத் தாண்டினால் மேற்கில் வேறு யாரும் நம்மை நிறுத்துவார்கள் என்று நான் நினைக்கவில்லை. கிழக்கில் பாஸ்டன் 64 ஆட்டம் ஜெயித்திருந்தாலும் இந்த சீசனில் இரண்டு தடவையும் அவர்களை அடித்தது நாம்தான்.

முதல் ஆட்டம் நம் நேரப்படி ஞாயிறு காலை 6 மணி, இரண்டாவது செவ்வாய் காலை 7:30. ஸ்கோரை விட்டுவிட்டு இரண்டு விஷயம் குறித்து வை: முர்ரே நடுக்கோட்டைத் தாண்டும்போது ஷாட் கிளாக்கில் எத்தனை இருக்கிறது, யோகிச் உட்காரும்போதும் எழும்போதும் வித்தியாசம் எவ்வளவு. லேக்கர்ஸோடு இந்த இரண்டும் எப்படிப் போகிறது என்று எழுது, அடுத்த சுற்றுக்கான கணக்கை அதிலிருந்து போடலாம். ஃபீனிக்ஸ்தான் வரும் என்று இன்னமும் நினைத்தால் காரணத்தோடு எழுது, அந்த மூன்று வெற்றியைத் திரும்பச் சொல்லாமல்.

அன்புடன்,
ரவி